இது யாருடைய மேசை?

பச்சைப் புல்மேடு, மேலே நீல வானம், ஆங்காங்கே வெண்மேகம். 20 ஆண்டுகளுக்கு முன்பு பள்ளிக் கணினிக் கூடத்திலோ இணைய மையத்திலோ உட்கார்ந்த எவருக்கும் இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. சார்ல்ஸ் ஓரியர் என்ற புகைப்படக் கலைஞர் 1996-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சோனோமா வட்டாரத்து நெடுஞ்சாலையோரம் காரை நிறுத்தி எடுத்த படம் அது. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் முகப்புத் திரையில் அது ஏறியது. உலகில் மிக அதிகமானோர் பார்த்த புகைப்படங்களில் ஒன்று என்று அதைச் சொல்வதுண்டு.

அந்தப் படத்தை அத்தனை பேர் பார்த்ததற்கு அதன் அழகு மட்டும் காரணமில்லை. கணினி வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை மாற்றவே இல்லை. கடைக்காரர் கொடுத்த நிலையிலேயே கணினியைப் பயன்படுத்தும் பழக்கம் நமக்கு இன்னும் போகவில்லை. படம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

முகப்புத் திரையை ஆங்கிலத்தில் ‘டெஸ்க்டாப்’ என்கிறோம். மேசையின் மேற்பரப்பு என்று பொருள். 1981-இல் ஸெராக்ஸ் நிறுவனம் ‘ஸ்டார்’ என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அலுவலக மேசையையே திரையில் காட்டியது. தாள், கோப்பு உறை, அஞ்சல் தட்டு எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக வந்தன. 1984-இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் அந்த மேசையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. அதன் சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. 1995-இல் வந்த விண்டோஸ் 95, திரையின் அடியில் பணிப்பட்டையையும் ‘ஸ்டார்ட்’ பொத்தானையும் வைத்தது. இன்று நாம் பார்ப்பவை எல்லாம் அந்த மேசையின் பேரப்பிள்ளைகள்.

மேசை என்றால் அதற்கு உரியவர் ஒருவர் இருப்பார். கண்ணாடி எங்கே, பேனா எங்கே, விளக்கு எந்தப் பக்கம் என்பதை அவர்தான் முடிவு செய்வார். கணினித் திரையில் மட்டும் அந்த முடிவை யாரோ முன்பின் தெரியாதவருக்கு விட்டுவிடுகிறோம். திரையின் தோற்றத்தை மாற்றுவது பொழுதுபோகாத பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைக்கிறோம். என் அம்மாவின் மடிக்கணினியைச் சீர்படுத்தியபோது, அந்த எண்ணம் எவ்வளவு பெரிய இழப்பைத் தரும் என்பது தெரிந்தது.

கணக்கை ஒப்படைக்க நினைத்த அம்மா

அம்மாவுக்கு 69 வயது. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தெலுக் இந்தானில் இருக்கிறார். ஆலய மகளிர் பிரிவின் பொருளாளர் பொறுப்பு 11 ஆண்டுகளாக அவர் கையில்தான். வரவு, செலவு, அன்னதானக் கணக்கு எல்லாவற்றையும் கணினியில்தான் எழுதுவார்.

இரு கண்களிலும் கண்புரை வளர ஆரம்பித்தது. ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. மறு கண்ணுக்குத் தேதி கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் தொலைபேசியில் சொன்னார்:

“பாப்பா, இந்த வருஷக் கூட்டத்தோட கணக்கை வேற யார்கிட்டயாவது கொடுத்திடலாம்னு இருக்கேன். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. மூணும் எட்டும் ஒன்னாத் தெரியுது.”

அதைவிடக் கவலையான செய்தி அடுத்து வந்தது. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவனிடம் கொடுத்து வைத்திருந்தார். மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம் எல்லாம் அவன்தான் கட்டுகிறான். நல்ல பையன், சின்ன வயதிலிருந்து தெரிந்தவன். ஆனாலும் ஓய்வூதியம் விழும் கணக்கின் சாவி இன்னொருவர் கையில் இருப்பது சரியல்ல. தன் பணத்தைத் தானே பார்க்க முடியாத நிலைக்கு அம்மா வந்துவிட்டார் என்பதே அதன் பொருள்.

ஊரில் ஒரு கடையில் கேட்டாராம். திரை சிறியது, பெரிய திரையுள்ள புதிய கணினிதான் வழி என்று 3,000 ரிங்கிட்டுக்கு மேல் விலை சொல்லியிருக்கிறார்கள். நான் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவில் வேலை செய்கிறேன். “ஒரு வாரம் பொறுங்கம்மா, நான் வந்து பார்க்கிறேன்” என்றேன்.

முதல் அரை மணி நேரம்

என் வேலையில் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஒருவருடைய கணினியைச் சரிசெய்யப் போனால் உடனே கையை வைக்கக் கூடாது. அவர் பயன்படுத்துவதை முதலில் பார்க்க வேண்டும். அம்மாவை உட்காரவைத்து, “வழக்கமா செய்யறதைச் செய்யுங்க” என்று சொல்லிவிட்டுப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

திரையை நோக்கிக் கழுத்தை நீட்டினார். அம்புக்குறி எங்கே என்று தெரியாமல் சுட்டியை வட்டமாகச் சுற்றினார். பின்னணியில் பேரன் வண்ணத் தாள்களுக்கு நடுவே பிறந்தநாள் கொண்டாடும் படம். அதன் மேல் 40-க்கும் அதிகமான சின்னங்கள். எது பலூன், எது கோப்பு என்று எனக்கே உடனே பிடிபடவில்லை. வலப்பக்க மூலையில் நிமிடத்திற்கு ஒன்றாக அறிவிப்புகள் எட்டிப் பார்த்தன. அவற்றில் ஒன்று, கணினியில் வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்தும் போலி அறிவிப்பு.

அம்மாவுக்குக் கணினி மறக்கவில்லை. எங்கே என்ன இருக்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்தே இருந்தது. திரைதான் அவர் கண்ணுக்குப் பொருந்தாமல் இருந்தது.

எழுத்தைப் பெரிதாக்கும் சரியான வழி

எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்றதும் பலரும் ‘ரெசல்யூஷன்’ என்ற இடத்தில் எண்ணைக் குறைப்பார்கள். எழுத்து பெரிதாகும், கூடவே மங்கும். இன்றைய திரைகளில் புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது. குறைந்த எண்ணைக் கொடுத்தால் ஒரு புள்ளிக்கான உருவத்தைப் பக்கத்துப் புள்ளிகளுக்கும் பரப்பித்தான் காட்ட முடியும். கண் மங்கியவருக்கு மங்கிய எழுத்தைக் கொடுப்பது உதவியாகாது.

ரெசல்யூஷனைப் பரிந்துரைக்கப்பட்ட அளவிலேயே விட்டுவிட்டு, அதே பக்கத்தில் இருக்கும் ‘ஸ்கேல்’ அளவைக் கூட்ட வேண்டும். அம்மாவுக்கு 150 விழுக்காடு வைத்தேன். எழுத்தை மட்டும் இன்னும் பெரிதாக்க, ‘அக்சஸிபிலிட்டி’ பகுதியில் ‘டெக்ஸ்ட் சைஸ்’ இருக்கிறது. விண்டோஸ் 11-இல் அதை 100 முதல் 225 விழுக்காடு வரை நகர்த்தலாம். ஸ்கேல் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். டெக்ஸ்ட் சைஸ் எழுத்தை மட்டும் பெரிதாக்கும். இரண்டையும் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்ப்பது நல்லது. ஒன்றை மட்டும் உச்சத்திற்குக் கொண்டுபோனால் பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடும்.

தமிழில் படிப்பவர்களுக்கு இது கூடுதல் முக்கியம். ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு தமிழ் எழுத்துக்குப் போதாது. ண, ன, ளை போன்றவற்றில் சுழிகள் நெருக்கமாக இருக்கின்றன. அளவு குறைந்தால் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடும். நல்ல கண் உள்ளவர்களும் சிறிய தமிழ் எழுத்தைப் படித்தால் சீக்கிரம் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

கணக்குத் தாளில் இருக்கும் எண்கள் வேறு விஷயம். எக்ஸெல் போன்ற செயலிகளில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் தாள் மட்டும் பெரிதாகும். அதோடு எண்களின் எழுத்துருவைச் சற்றுத் தடித்ததாக மாற்றினோம். மூன்றும் எட்டும் பிரிந்தன. “இப்ப சரி” என்று அம்மா முதன்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அம்பு, நிறம், வெளிச்சம்

அம்புக்குறியின் அளவும் நிறமும் ‘மவுஸ் பாயின்டர்’ என்ற இடத்தில் இருக்கின்றன. அளவை 1 முதல் 15 வரை மாற்றலாம். அம்மா கேட்டது மஞ்சள் நிறம். தட்டச்சு செய்யும் இடத்தைக் காட்டும் கோட்டின் இரு முனையிலும் வண்ணக் குறி ஒன்றை வைக்கலாம், அதையும் போட்டோம். மெக் கணினியிலும் அக்சஸிபிலிட்டி பகுதியில் அம்பின் அளவு, நிறம் இரண்டையும் மாற்ற முடியும். சுட்டியை வேகமாக ஆட்டினால் அம்பு ஒரு கணம் பெரிதாகிக் காட்டும் வசதியும் அதில் உண்டு.

கருப்புப் பின்னணி கண்ணுக்கு நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. கண்புரை உள்ளவர்களுக்கு வெள்ளைத் திரையின் ஒளி சிதறிக் கூசலாம். கருப்புப் பின்னணி அவர்களில் சிலருக்கு நிம்மதி. சிதறல் பார்வை உள்ள சிலருக்கோ கருப்பில் வெள்ளை எழுத்து பிசிறடித்துத் தெரியும். அம்மாவுக்கு இரண்டு நாள் இது, இரண்டு நாள் அது என்று வைத்துக் கேட்டோம். பகலில் வெள்ளை, வெளிச்சத்தைக் குறைத்து. மாலையில் கருப்பு என்று அவரே முடிவு செய்தார்.

நிறங்களைப் பிரித்தறியச் சிரமப்படுபவர்களுக்கு ‘கலர் ஃபில்டர்ஸ்’ என்ற வசதி இருக்கிறது. சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும் குறை ஆண்களிடம்தான் மிகுதி. எங்கள் அலுவலகத்தில் விற்பனை வரைபடத்தைப் படிக்கத் திணறிய இளைஞர் ஒருவருக்கு இந்த ஒரு வசதி போதுமானதாக இருந்தது.

பேரன் படம் எங்கே போனது?

எழுத்தளவை மாற்றியபோது வராத எதிர்ப்பு, பின்னணிப் படத்தை எடுத்தபோது வந்தது.

“அது இருக்கட்டுமே. பிள்ளை முகத்தைப் பார்த்துட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.”

நியாயமான பேச்சு. வீட்டில் தனியாக இருப்பவருக்கு அந்தப் படம் வெறும் அலங்காரம் இல்லை. கடவுச்சொல் கேட்கும் பூட்டுத் திரைக்கு அதை மாற்றினோம். கணினியைத் திறக்கும்போது பேரன் முழுத் திரையிலும் சிரிப்பான். உள்ளே போனால் கருநீல நிறம் மட்டும். அதன் மேல் ஆறு சின்னங்கள்.

40 ஆறாகக் குறைந்த கதை எளிது. எதை வாரம் ஒருமுறையாவது தொடுகிறீர்கள் என்று கேட்டு, மற்றவற்றைப் ‘பழையவை’ என்ற ஓர் உறைக்குள் போட்டோம். எதையும் அழிக்கவில்லை. மீதமிருந்தவற்றின் பெயர்களைத் தமிழில் மாற்றினோம். சின்னத்தைத் தேர்ந்தெடுத்து எஃப்2 விசையை அழுத்தினால் புதுப்பெயர் கொடுக்கலாம். ‘கோயில் கணக்கு’, ‘வங்கி’, ‘படங்கள்’, ‘கடிதம்’, ‘புலனம்’, ‘பழையவை’. விண்டோஸ் 11-இல் நடுவில் நிற்கும் ஸ்டார்ட் பொத்தானை இடது ஓரத்திற்கு நகர்த்தினோம். அம்மாவின் கை 20 ஆண்டுகளாக அங்கேதான் போகிறது.

‘வங்கி’ என்ற சின்னம் நேராக வங்கியின் அதிகாரபூர்வ இணையப் பக்கத்தைத் திறக்கும். தேடுபொறியில் வங்கியின் பெயரைத் தட்டினால் சில வேளைகளில் மோசடிக்காரர்களின் விளம்பரங்களும் மேலே வந்து நிற்கும். கண் மங்கியவர் முகவரியின் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்ப்பது சிரமம். முகவரியை ஒருமுறை சரிபார்த்து முகப்பில் வைத்துவிட்டால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். மூலையில் எட்டிப் பார்த்த அறிவிப்புகளையும் அணைத்தோம். போலி வைரஸ் மிரட்டல் வந்தது ஏதோ ஓர் இணையத்தளத்திற்குத் தவறிக் கொடுத்த அனுமதியால். உலாவியின் அமைப்பில் அந்த அனுமதியை நீக்கியதும் நின்றுவிட்டது.

பள்ளி விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்று திறந்தோம். அவர்கள் காற்பந்து வீரர் படத்தை வைத்தாலும், அம்பை வாளாக மாற்றினாலும், பாட்டியின் மேசை கலையாது. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் வீடுகளில் இது பல சண்டைகளைத் தீர்க்கும்.

தமிழில் ஒரு திரை

விண்டோஸின் பட்டியல்களையும் பொத்தான்களையும் தமிழிலேயே காட்டச் செய்யலாம். ‘லேங்குவேஜ்’ பகுதியில் தமிழைச் சேர்த்து, காட்சி மொழியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில இடங்களில் ஆங்கிலம் தலைகாட்டும். ‘சிங்கிள் லேங்குவேஜ்’ என்ற பதிப்பு உள்ள கணினிகளில் மொழியை மாற்ற முடியாது. வாங்கும்போதே இதைக் கவனியுங்கள்.

2000-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000-தான் ‘லதா’ எழுத்துருவோடு யூனிகோட் தமிழை விண்டோஸுக்குள் கொண்டுவந்தது. மெக் கணினிகளில் இருக்கும் ‘இணைமதி’ எழுத்துரு நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது. அவருடைய ‘அஞ்சல்’ விசைமுறையும் மெக்கிலேயே உள்ளடங்கி வருகிறது. தமிழ்த் திரைக்காக மலேசியாவிலிருந்து போன உழைப்பு அது. நம் வீடுகளில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறோம்?

அம்மா பட்டியல்களை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டார். வங்கிப் பக்கம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது, பழகிய சொற்கள் போதும் என்றார். என் மாமாவோ முழுவதையும் தமிழுக்கு மாற்றச் சொன்னார். அவருடைய பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருந்தது. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகள் நின்றுவிட்டன; விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதியும் அந்தக் கணினிக்கு இல்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். பணிப்பட்டை கீழே, பட்டியல் இடது மூலையில் என்று விண்டோஸைப் போலவே தோற்றமளிப்பதால் அவர் தடுமாறவில்லை. அதிலும் தமிழ் இருக்கிறது.

இளையோரின் கைவண்ணம்

அக்காள் மகனுக்கு 17 வயது. ‘ரெயின்மீட்டர்’ என்ற செயலியை வைத்துத் தன் திரையை விண்கலத்தின் கட்டுப்பாட்டறை போல ஆக்கியிருக்கிறான். கடிகாரம், வானிலை, கணினியின் சூடு எல்லாம் நீல வளையங்களாகச் சுழல்கின்றன. வீட்டில் அதற்குத் திட்டுதான் கிடைக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு திரையைத் தன் விருப்பத்திற்கு வளைக்கத் தெரிந்தவன், இன்னொருவரின் தேவைக்கும் வளைப்பான். விடுமுறையில் பாட்டிக்கான சின்னங்களை வரைந்து கொடுத்தவன் அவன்தான். வங்கிக்கு உண்டியல், கணக்குக்குக் கோபுரம்.

இளையோருக்கு ஓர் எச்சரிக்கை. இலவச அலங்காரம், இலவச அம்புக்குறி என்று சொல்லிக் கணினியில் நிறுவச் சொல்லும் கோப்புகளில் தீங்கு நிரல்கள் ஒளிந்திருக்கலாம். தெரியாத தளத்திலிருந்து எதையும் நிறுவாதீர்கள். மேலே நான் சொன்ன மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு வெளியிலிருந்து எதுவுமே தேவையில்லை.

வேலைக்குச் செல்பவர்களுக்கும் ஒன்று. விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ‘டி’ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்னொரு மேசை திறக்கும். விண்டோஸ் 11-இல் ஒவ்வொரு மேசைக்கும் தனிப் பின்னணி வைக்கலாம். அலுவலக வேலைக்கு ஒன்று, சொந்த வேலைக்கு ஒன்று என்று நிறத்தால் பிரித்துக்கொள்ளுங்கள். இணையவழிக் கூட்டத்தில் திரையைப் பகிரும்போது கல்யாணப் பட்ஜெட் எல்லார் கண்ணிலும் படாது.

பிறகு என்ன ஆனது

அந்த ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை அம்மாவே படித்தார். பக்கத்து வீட்டுப் பையனிடம் இருந்த தாளை வாங்கிக் கிழித்துவிட்டு, கடவுச்சொல்லை மாற்றினார். புதியது என்னவென்று நான் கேட்கவில்லை. மறு கண்ணுக்கும் சிகிச்சை முடிந்த பிறகு நிறங்கள் பளிச்சென்று தெரிய, எழுத்தளவைச் சற்றுக் குறைக்கச் சொன்னார். கண் மாறும்போது திரையும் மாற வேண்டும். அதே சமயம், திரையை மாற்றுவது மருத்துவரைப் பார்ப்பதற்கு ஈடாகாது. திடீரென எழுத்து மங்கினால் முதலில் கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

செலவு? ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். புதுக் கணினிக்கு ஒரு காசு கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டில் சில மாதங்களாகக் கணினிப் பக்கமே வராத பெரியவர் யாராவது இருக்கிறாரா? வயதாகிவிட்டது, ஆர்வம் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் அவரை ஒருமுறை உட்காரவையுங்கள். பின்னால் நாற்காலி போட்டு அரை மணி நேரம் பாருங்கள். அம்பு தெரிகிறதா, எழுத்து பிரிகிறதா, வெளிச்சம் கூசுகிறதா என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியது பிடித்திருக்கிறதா என்று சொல்லும் உரிமையை அவரிடமே விட்டுவிடுங்கள்.